சம்பள நாள் சந்தேகங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பட்டறை, கடை, ஆலை நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சம்பளக் கணக்கு பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மாதக் கடைசியில் வரும் தகராறுகள் பெரும்பாலும் கணக்குப் போடும்போது பிறப்பதில்லை. ஆள் வேலைக்குச் சேர்ந்த அன்றும் அன்றாட வருகைப் பதிவேட்டிலும் விட்ட பிழைதான் மாதக் கடைசியில் தலைதூக்குகிறது.

கேள்வி: மாதம் ரூ.14,000 என்று பேசித்தான் ஆள் எடுக்கிறோம். லீவு போட்டால் 26-ஆல் வகுத்துப் பிடிப்பதா, 30-ஆல் வகுப்பதா? எங்கள் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு மாதிரி போடுகிறார். கடையில் சத்தமே ஓய்வதில்லை.
(ஜவுளிக்கடை உரிமையாளர், பாலக்கோடு)

பதில்: இரண்டு முறையும் புழக்கத்தில் உள்ளவைதான். இரண்டையும் கலப்பதில்தான் வம்பு. 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி ரூ.538.46. இதில் வார விடுமுறைக்குத் தனியாகச் சம்பளம் எண்ணக்கூடாது. 30-ஆல் வகுத்தால் ரூ.466.67. இதில் ஞாயிற்றுக்கிழமையும் சம்பள நாளாக எண்ணப்பட வேண்டும். இரண்டு நாள் வராதவருக்கு முதல் முறையில் ரூ.1,077 பிடித்தம், இரண்டாவதில் ரூ.933.

நீங்கள் சொல்லும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. 30-ஆல் வகுத்து, வந்த நாள் 26-ஆல் பெருக்கியிருப்பார்கள். அப்படிப் போட்டால் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவருக்கு ரூ.12,133 தான் வரும். அவர் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்?

இன்னொரு இடறல் 26 முறையில் இருக்கிறது. 31 நாள் மாதத்தில் 4 ஞாயிறு வந்தால் வேலை நாள் 27. அந்த மாத நடுவில் சேர்ந்து 9 நாள் வேலை செய்தவருக்கு, வராத 18 நாளைக் கழித்தால் ரூ.4,308 வரும். வந்த 9 நாளைப் பெருக்கினால் ரூ.4,846. ஆகவே விதியை இப்படி எழுதிவையுங்கள்: மாதம் முழுக்க வேலையில் இருந்தவருக்கு வராத நாளைக் கழிப்பது, நடுவில் சேர்ந்தவருக்கும் நின்றவருக்கும் வந்த நாளைப் பெருக்குவது. மாதத்தின் நாட்களாலேயே வகுப்பவர்களும் உண்டு. அதில் பிப்ரவரியில் ஒரு நாள் லீவுக்கு ரூ.500, மார்ச்சில் ரூ.452 போகும். ஏன் என்று ஆட்களுக்கு விளக்குவது கடினம் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கடைக்கும் பட்டறைக்கும் 26 முறை நல்லது, ஓவர்டைம் கணக்கும் அதே அடிப்படையில் ஓடும்.

வருகைப் பதிவேட்டில் 'வந்தார்', 'வரவில்லை' என்ற இரண்டு குறி போதாது. வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, சம்பளத்தோடு லீவு, சம்பளமில்லா லீவு, அரை நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறி வேண்டும். கட்டம் காலியாக இருக்கவே கூடாது. காலிக் கட்டத்தை ஒருவர் லீவு என்று படிப்பார், இன்னொருவர் எழுத மறந்தது என்று படிப்பார்.

கேள்வி: லேத் பட்டறையில் 17 பேர் இருக்கிறார்கள். புது ஆர்டருக்காக இன்னும் 5 பேர் எடுக்கப்போகிறேன். 20 தாண்டினால் பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) வரும் என்கிறார்கள். ஒரு ஆளுக்கு எனக்கு எவ்வளவு கூடும்? மேஸ்திரி கூட்டிவரும் ஆட்களையும் எண்ண வேண்டுமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: 20 என்பது பி.எஃப்.புக்கும் போனஸ் சட்டத்துக்குமான எண்ணிக்கை. இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) 10 பேரிலேயே வந்துவிடும். 17 பேர் இருக்கும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. ஏற்கெனவே கட்டாயம். பதிவு செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ஒருவர் இயந்திரத்தில் கைவிரலை இழந்த பிறகு பதிவு செய்யப் போனால், அந்தச் செலவும் நஷ்டஈடும் உங்கள் தலையில்தான் விழும். மேஸ்திரி ஆட்களையும் எண்ண வேண்டும். மேஸ்திரி கட்டாமல் விட்டால் பி.எஃப். அலுவலகம் உங்களிடம்தான் கேட்கும். ஒருமுறை 20 தொட்டுவிட்டால், பிறகு 15 ஆகக் குறைந்தாலும் பி.எஃப். தொடரும்.

ரூ.14,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது. தொழிலாளி பங்கு: பி.எஃப். 12 சதவீதம் ரூ.1,680, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ரூ.105. கையில் வாங்குவது ரூ.12,215. உங்கள் பங்கு: பி.எஃப். ரூ.1,680 (இதில் ரூ.1,166 ஓய்வூதியக் கணக்குக்கும், மீதி ரூ.514 சேமநிதிக்கும் போகும்), பி.எஃப்.போடு சேர்ந்த ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவீதம் ரூ.70, நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் ரூ.70, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் ரூ.455. மொத்தம் ரூ.2,275 கூடுகிறது, ஆள் ஒருவருக்கான செலவு ரூ.16,275. இந்தத் தொகைதான் உங்கள் விலைப்புள்ளியில் ஏற வேண்டும். 14,000-ஐ வைத்து ஆர்டர் பேசிவிட்டால் ஒவ்வொரு பீஸிலும் கை கடிக்கும்.

22 பேருக்கும் இதே சம்பளம் என்றால் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது ரூ.89,320. அதில் ரூ.39,270 தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பணம். ஓசூரில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்குப் பில் பணம் தாமதமாகத்தான் வரும். அந்த நெருக்கடியில் இந்தப் பணத்தைக் கச்சாப்பொருளுக்குத் திருப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதன்மேல் மாதம் 1 சதவீத தண்டத்தொகை. பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால் கிரிமினல் வழக்குக்கும் இடமுண்டு. சம்பளம் போடும் அன்றே இந்தத் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மாம்பழ சீசனில் மூன்று மாதத்துக்கு 60 பேர் வருகிறார்கள், பாதிப்பேர் பெண்கள். சீசன் ஆட்களுக்கும் பி.எஃப். பிடிக்க வேண்டுமா? போன ஆண்டு பத்துப் பேருக்குக் கணக்கு எண்ணே உருவாகவில்லை.
(மாங்கூழ் ஆலை மேலாளர், காவேரிப்பட்டணம் பக்கம்)

பதில்: பிடிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் பி.எஃப். என்று விதி எதுவும் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. 30 நாள் வேலை செய்திருந்தால் அந்த நாட்களுக்கு உரிய போனஸும் உண்டு.

கணக்கு எண் உருவாகாததற்குக் காரணம் ஆதாரில்தான் இருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிய யு.ஏ.என். எண்ணை (ஆளுக்கு ஒன்றான பி.எஃப். கணக்கு எண்) உமங் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டித்தான் உருவாக்க வேண்டும். அதற்கு ஆதாருடன் இணைத்த செல்போன் எண் வேண்டும். நம் பக்கம் பல பெண்களின் ஆதாரில் இருப்பது கணவர் எண்ணோ, எப்போதோ விட்டுப்போன பழைய எண்ணோதான். 14-ஆம் தேதி சலான் போட உட்காரும்போது இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எண் இல்லாதவரை மாதாந்திரக் கணக்கில் ஏற்றவே முடியாது. ஆகவே பழம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, போன சீசன் பட்டியலை எடுத்து, வரப்போகும் ஆட்களிடம் ஆதார் மையத்தில் எண்ணைச் சேர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கேட்டில் ஆள் சேர்க்கும் இடத்தில் நல்ல வெளிச்சத்தோடு ஒரு மேசையும் ஒரு ஆண்ட்ராய்டு போனும் போதும்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். உங்கள் பதிவேட்டில் ஆதாரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட ஏற்றுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரை எழுதவே வேண்டாம். பிறந்த தேதியும் அப்படியே. இன்றைக்கு அலட்சியமாக எழுதும் ஓர் எழுத்து, பத்து ஆண்டு கழித்து அந்த அம்மா பணம் எடுக்கப் போகும்போது அவரை அலைக்கழிக்கும்.

'இதற்கு முன் எங்காவது பி.எஃப். பிடித்தார்களா?' என்று கட்டாயம் கேளுங்கள். போச்சம்பள்ளி, ஓசூர் ஆலைகளில் வேலை பார்த்தவர் என்றால் பழைய எண் இருக்கும். அதையே தொடர வேண்டும். இரண்டு எண் ஆகிவிட்டால் பணம் இரண்டு இடத்தில் கிடக்கும்.

வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும். போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை என்பதால் சனிக்கிழமை மாலை கையில் காசு இல்லையென்றால் அந்த வார அரிசி, காய்கறி வாங்குவது தடைப்படும். வாரம் ஜூன் 29-ல் தொடங்கி ஜூலை 4-ல் முடிந்தால், முதல் 2 நாள் கூலியை ஜூன் கணக்கிலும் மீதி 4 நாளை ஜூலை கணக்கிலும் பிரித்து எழுதுங்கள். முழு வாரத்தையும் ஒரே மாதத்தில் ஏற்றினால் கூலிப் பதிவேடும் பி.எஃப். கணக்கும் ஒத்துப்போகாது. ஆய்வாளர் முதலில் பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

கேள்வி: 45 பேர். மாதக் கடைசி மூன்று நாள் தூக்கமே இல்லை. அப்படியும் யாருக்காவது தப்பாகப் போகிறது. எக்செல்லில்தான் போடுகிறோம். சாஃப்ட்வேர் வாங்கினால் தீருமா?
(கிருஷ்ணகிரி வாசகி)

பதில்: 45 பேருக்கு எக்செல்லே போதும். வரும் தகவல் ஒழுங்காக இல்லையென்றால் எந்த சாஃப்ட்வேரும் தப்பைத்தான் வேகமாகப் போடும்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1-ஆம் தேதியே கொடுத்தாக வேண்டும் என்று நீங்களே கழுத்தில் கத்தி வைத்துக்கொள்ள வேண்டாம். 1-ஆம் தேதி மதியத்துக்குள் வருகைப் பதிவேட்டை மூடி, ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்து வாங்குங்கள். அன்று மாலையே ஒவ்வொருவரின் வந்த நாள், ஓவர்டைம் மணி, முன்பணப் பாக்கி ஆகிய மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சம்பளத் தொகை வேண்டாம். ஆட்சேபம் 2-ஆம் தேதி மாலை வரை. 3-ல் கணக்கு, 4-ல் சரிபார்ப்பு, 5-ல் வங்கிக்கு. 6-ஆம் தேதி திரும்பிவந்த பணத்தைச் சரிசெய்ய. ஞாயிறோ வேறு வங்கி விடுமுறையோ குறுக்கே வந்தால் முன்னால்தான் நகர்த்த வேண்டும்.

பலகையில் ஒட்டுவதை யாரும் தவிர்க்காதீர்கள். 'என் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வரவில்லை' என்ற பேச்சு சம்பளத்துக்கு முன்பே வந்துவிட்டால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். சம்பளம் போன பிறகு வந்தால் பாக்கித்தொகை, திருத்தக் கணக்கு, மனக்கசப்பு எல்லாம் சேர்ந்து வரும்.

சரிபார்ப்பைக் கணக்குப் போட்டவரே செய்யக்கூடாது. சரிபார்ப்பவர் 45 வரிகளையும் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டியதும் இல்லை. போன மாத நிகரச் சம்பளத்தையும் இந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் ரூ.500-க்கு மேல் உள்ள ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள். பிறகு தலை எண்ணிக்கை: போன மாத ஆட்கள், கூட்டல் சேர்ந்தவர்கள், கழித்தல் நின்றவர்கள் என்று போட்டால் இந்த மாத ஆட்கள் வர வேண்டும். வேலையை விட்டுப்போனவர் பெயரில் சம்பளம் போய்க்கொண்டிருந்தால் இங்கே பிடிபடும்.

எக்செல்லில் வழக்கமான தப்புகள் மூன்று. ஒரு மாதம் அவசரத்துக்குச் சூத்திரத்தின் மேல் எண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த மாதம் அதையே நகலெடுப்பது. நடுவில் புது வரி சேர்த்து, கூட்டல் அந்த வரியைச் சேர்க்காமல் விடுவது. பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தி, வங்கி எண்கள் பழைய வரிசையிலேயே நிற்பது. மூன்றாவது நடந்தால் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குப் போய்விடும். சூத்திரக் கட்டங்களைப் பூட்டிவிட்டு, ஊழியர் எண்ணை வைத்தே எல்லாத் தகவலையும் எடுங்கள்.

சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுங்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் தலைப்புகளை ஒருமுறை அச்சடித்துவிடலாம். எதற்குப் பிடித்தார்கள் என்று தானே படித்துத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை.

கேள்வி: ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் முன்பணம் கேட்கிறார்கள். சிலர் பாக்கியோடு சொல்லாமல் போய்விடுகிறார்கள். பாக்கி தீரும்வரை வேறிடம் போகக்கூடாது என்று எழுதி வாங்கலாமா?
(செங்கல் சூளை உரிமையாளர், தருமபுரி மாவட்டம்)

பதில்: கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படி எழுதி வாங்கிய தாள் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். ஆதார் அட்டையை, வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் வேண்டவே வேண்டாம்.

பணம் திரும்பி வர வழி, சிறிதாகக் கொடுப்பதுதான். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் இல்லை, பழைய பாக்கி தீராமல் புதியது இல்லை என்று எல்லாருக்கும் ஒரே விதி வையுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: கொடுத்த தேதி, தொகை, மாதத் தவணை, மீதி, கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் நம்பும் ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். தவணை சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் வீட்டுச் செலவு ஓடும். சட்டப்படி எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது. குடும்பமாக வேலை செய்தால் கணவர் வாங்கிய முன்பணத்தை மனைவி கூலியில் பிடிக்கக்கூடாது. கூலிப் பதிவேட்டில் இருவருக்கும் தனித்தனி வரி, தனித்தனிக் கையெழுத்து.

கேள்வி: மொத்தம் ரூ.20,000. அடிப்படை ரூ.6,000, வீட்டு வாடகைப்படி ரூ.8,000, போக்குவரத்துப்படி ரூ.6,000 என்று பிரித்திருக்கிறோம். புதுச் சட்டத்தில் இது செல்லாதாமே?
(பர்கூர் வாசகர்)

பதில்: 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியது 'ஊதிய'த்தோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் விலக்கு ரூ.14,000, வரம்பு ரூ.10,000. மிஞ்சும் 4,000 சேர்ந்து ஊதியம் ரூ.10,000 ஆகிறது. பி.எஃப். 720 அல்ல, 1,200. கிராஜுவிட்டியும் இதே அடிப்படையில் ஏறும். பிரிப்பை மாற்றி அடிப்படையைப் பாதிக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஒவ்வொரு மாதமும் கூட்டிக்கழிக்கும் வேலை மிச்சம். குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் உயர்வதையும் மறக்காமல் சரிபாருங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் சம்பளத்தை ரூ.22,500 ஆக்கினோம். இ.எஸ்.ஐ.யை உடனே நிறுத்தலாமா?
(ஓசூர் வாசகி)

பதில்: செப்டம்பர் முடியும்வரை நிறுத்தக்கூடாது. ஏப்ரல் – செப்டம்பர், அக்டோபர் – மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள். நடுவில் இ.எஸ்.ஐ. சம்பள வரம்பான ரூ.21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும்: அவர் பங்கு ரூ.169, உங்கள் பங்கு ரூ.732. அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் பிடித்தம் நின்றதுமே எல்லாம் போயிற்று என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்குக் கைக்காசு செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓவர்டைம் சேர்ந்ததால் மட்டும் 21,000 தாண்டினால் அவர் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போவதில்லை.

கேள்வி: தலைமைக் கடை தருமபுரி நகராட்சியில், கிளை ஓசூரில். தொழில் வரியை எங்கே கட்டுவது?

பதில்: வேலை செய்யும் இடத்தில். ஓசூர்க் கிளை ஊழியருக்கு ஓசூர் மாநகராட்சியில். அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ரூ.1,250. அடுக்குகளை அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவில் சேர்ந்தவர் முந்தைய இடத்தில் அதே அரையாண்டுக்குக் கட்டியிருந்தால் ரசீதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், இரண்டு முறை பிடிக்க வேண்டாம்.

கேள்வி: ஏழு ஆண்டு எட்டு மாதம் வேலை செய்தவர் நின்றுவிட்டார். கடைசிச் சம்பளம் ரூ.14,000. கணக்கை முடிக்க அடுத்த மாதச் சம்பள நாள்வரை காத்திருக்கச் சொல்லலாமா? ஆகஸ்ட் 15 அன்று வேலைக்கு வந்தாராம், அதற்கும் பணம் கேட்கிறார்.
(ஊத்தங்கரை வாசகர்)

பதில்: காத்திருக்கச் சொல்லக்கூடாது. நின்ற நாளிலிருந்து 2 வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம். ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதி முழு ஆண்டாக எண்ணப்படும் என்பதால் 8 ஆண்டு. 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 8-ஆல் பெருக்கினால் ரூ.64,615. இங்கே 30-ஆல் வகுத்து ரூ.56,000 கொடுத்துவிடும் பிழை நிறைய நடக்கிறது.

ஆகஸ்ட் 15 பற்றி அவர் கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. மாற்று நாள் கொடுத்ததாகப் பதிவேட்டில் இல்லையென்றால் இன்னொரு நாள் கூலி ரூ.538.46 அவருக்கு உரியது. ஓவர்டைம் பாக்கி இருந்தால் அதுவும் இரட்டைதான்: 14,000-ஐ 26-ஆலும் 8-ஆலும் வகுத்தால் மணிக்கு ரூ.67.31, இரட்டிப்பு ரூ.134.62.

பி.எஃப். இணையதளத்தில் அவர் வேலையை விட்ட தேதியை ஏற்றினீர்களா என்று பாருங்கள். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவரால் பணத்தை எடுக்கவும் முடியாது, புது வேலைக்கு மாற்றவும் முடியாது. கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்கும் அன்றே ஏற்றிவிட்டு, திரையில் வந்ததை அவர் போனுக்கு அனுப்பிவையுங்கள்.